கடற்கரைச் சாலையில் ஒரு பழைய கடன்

முப்பத்தேழு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன் அடியேன். பிறர் வாங்கிய கடனை நினைவூட்டுவதும், தவணை தவறியவர்களின் வீட்டுக் கதவைத் தட்டுவதும் என் உத்தியோகத்தின் ஒரு பகுதி. அப்படிப்பட்ட என் வீட்டிலேயே அறுபது ஆண்டுகளாக ஒரு கடன் நிலுவையில் இருந்தது. சென்ற ஐப்பசியில் என் தமக்கையார் தம்முடைய பூஜை அலமாரியைச் சுத்தம் செய்தபோது கிடைத்த ஒரு சிறிய மஞ்சள் துணி முடிச்சுதான் அதை எனக்கு நினைவூட்டியது.

முடிச்சுக்குள் 1962-ஆம் ஆண்டு பொறித்த ஒரு ரூபாய் நாணயம் இருந்தது. என் அன்னையார் முடிந்து வைத்தது. 1964-ஆம் ஆண்டு கார்த்திகையில், எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, விஷக்காய்ச்சல் கண்டு பதினெட்டு நாட்கள் கண் திறவாமல் கிடந்தேனாம். பிள்ளை பிழைத்தால் அவனை அழைத்துக்கொண்டு சேதுவில் நீராடி, ராமநாத சுவாமியின் உண்டியலில் இந்தக் காசைச் சேர்ப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தேன். ஆனால் தை பிறப்பதற்குள், அந்த டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் ரயில் பாலம் சேதமடைந்தது. புயல் தின்ற ஊருக்குப் பிள்ளையோடு போவதாவது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். அன்று தள்ளிப்போன பயணம் பிறகு நடக்கவே இல்லை. 2009-இல் அம்மா சிவபதம் அடைந்தார்.

"இதை நான் செலுத்தக்கூடாது தம்பி. வேண்டுதல் உன் பேரில். நீதான் வரவேண்டும். ஆனால் என்னையும் கூட்டிப் போ," என்றார் அக்கா. அவருக்கு வயது 76. இரு முழங்கால்களிலும் தேய்மானம். ரயிலில் மேல்படுக்கை, கீழ்படுக்கை, நடைமேடைப் படிகள் எல்லாம் அவருக்கு ஒத்துவராது. அதனால் காரில் போவது என்று முடிவாயிற்று. போவதுதான் போகிறோம், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே சென்று, வழியில் கடலோரம் எழுந்தருளியிருக்கும் தெய்வங்களையும் தரிசிக்கலாமே என்றாள் என் மனைவி. மாசி மாதத்தில், நாங்கள் மூவரும் ஓர் இளம் ஓட்டுநருமாக ஏழு நாட்கள் மேற்கொண்ட அந்தப் பயணத்தை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

புறப்படுமுன்

சென்னையிலிருந்து கரையோரமாகவே ராமேஸ்வரம் செல்ல ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இளைஞர்கள் ஒரே நாளில் ஓட்டிவிடுவார்கள். நம் வயதுக்கு நாளொன்றுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக்கும் புயலுக்கும் உரியவை. கடலோரப் பயணத்துக்கு உகந்தவை அல்ல. சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது. தையும் மாசியுமே நல்ல காலம்.

கடற்கரைச் சாலை என்ற பெயரைக் கேட்டு, வழி நெடுகிலும் அலை தெரியும் என்று எண்ணிவிட வேண்டாம். பல இடங்களில் சாலைக்கும் கடலுக்கும் நடுவே சவுக்குத் தோப்பும், தென்னந்தோப்பும், உப்பளங்களும், வயல்களும் வரும். கடல் திடீரென்று தலைகாட்டி மறையும். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் நமக்கு இடப்புறம். காலை வெயிலும் இடப்புறமே அடிக்கும். வெயில் தாங்காதவர்கள் காலையில் வலப்புறமும், பிற்பகலில் இடப்புறமும் அமர்வது நலம்.

அடியேன் ஒரு தாளில் ஊர், கிலோமீட்டர், நடை திறக்கும் நேரம், சாத்தும் நேரம், தரிசனத்துக்கு ஒதுக்கிய நிமிடங்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டேன். "இது யாத்திரையா, கிளை ஆய்வா?" என்று கேட்டாள் மனைவி. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியிருக்க வேண்டும் என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது.

திருவிடந்தை முதல் புதுவை வரை

விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவான்மியூர் மருந்தீஸ்வரரைக் கோபுர வாசலில் வணங்கிப் புறப்பட்டோம். முட்டுக்காட்டில் உப்பங்கழியின் மேல் பொழுது புலர்ந்தது. கோவளம் கடந்ததும் திருவிடந்தை. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான இங்கே வராகப் பெருமாள், தாயாரை இடப்பக்கத்தில் ஏந்தியபடி நித்தியகல்யாணப் பெருமாளாகச் சேவை சாதிக்கிறார். காலவ ரிஷியின் 360 கன்னியரையும் நாளொருவராக மணந்து, முடிவில் அனைவரையும் ஒருவராக்கி ஏற்றார் என்பது தலவரலாறு. மாலையோடு வலம் வந்த மணமாகாத பிள்ளைகளையும், அவர்களைவிடக் கவலையோடு பின்னால் வந்த பெற்றோரையும் அன்று காலையிலேயே கண்டோம்.

மாமல்லபுரத்தில் எல்லோரும் கடற்கரைக் கோயிலுக்கு ஓடுகிறார்கள். ராஜசிம்மப் பல்லவன் எடுப்பித்த அக்கற்றளியின் அழகைச் சொல்லி முடியாது. ஆனால் ஊருக்குள் இருக்கும் தலசயனப் பெருமாளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூதத்தாழ்வார் அவதரித்த தலம் இது. புண்டரீக மகரிஷி, பாற்கடலில் இருக்கும் பெருமாளுக்குத் தாமரை மலர்களைச் சேர்ப்பிக்க விரும்பி, வழியை மறித்த கடல்நீரைக் கையால் இறைக்கத் தொடங்கினாராம். முதியவர் வடிவில் வந்த பெருமாள், பசிக்கு உணவு கேட்டு அவரை அனுப்பிவிட்டு, தாமே நீரை இறைத்தாராம். மகரிஷி திரும்பி வந்தபோது பெருமாள் அம்மலர்களைச் சூடி, பாம்பணையும் இன்றித் தரையில் பள்ளிகொண்டிருந்தாராம். "கடலைக் கையால் இறைப்பது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லாமல், கூட நின்று இறைத்தார் பார்," என்றார் அக்கா. எனக்கு ஒதுக்கிய நிமிடங்கள் முடிந்துவிட்டன. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரக்காணத்தில் சாலையின் இரு மருங்கும் உப்பளங்கள். வெண்குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. மாலையில் புதுவை அடைந்து மணக்குள விநாயகரைத் தரிசித்தோம். மணற்குளத்தின் கரையில் இருந்ததால் மணக்குளத்து விநாயகர் என்பர். இந்நகரம் பிரெஞ்சுக்காரர் வசமாவதற்கு முன்பிருந்தே இவர் இங்கே வீற்றிருக்கிறார்.

கல்லும் தெப்பமாகும்

இரண்டாம் நாள் கடலூர். அதன் ஒரு பகுதியே பழைய திருப்பாதிரிப்புலியூர். சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் எறிந்தார்கள். அவர் ஐந்தெழுத்தை ஓதினார், கல் தெப்பமாயிற்று. அவர் கரையேறிய இடம் இன்றும் 'கரையேறவிட்ட குப்பம்' என்றே வழங்குகிறது. அங்கிருந்து வந்து அவர் வணங்கிய பாடலீஸ்வரரையும் பெரியநாயகி அம்மையையும் நாங்களும் வணங்கினோம்.

சிதம்பரத்தில் ஆனந்தக் கூத்தனின் சந்நிதியில் நின்றுவிட்டு, சீர்காழி வழியாகத் திருக்கடையூர் வந்து தங்கினோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் அறுபதாம் கல்யாணம் நடந்தது அபிராமி அம்மையின் சந்நிதியில்தான். அன்று இரவு விடுதியில், "அன்றைக்கே அப்படியே தெற்கே போயிருக்கலாம்," என்றாள் மனைவி. போயிருக்கலாம். அன்று எங்கள் மகனின் விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரையும் விரட்டியவன் நானே.

மீனவர் போற்றிய நாயனார்

மூன்றாம் நாள் காலை தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையைக் காணவே பெரும்பாலோர் வருகிறார்கள். அதற்கு அருகே, அலை வந்து தொடும் இடத்தில், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் ஆலயம் இருக்கிறது. முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய இடத்தில் இறைவன் வீற்றிருக்கிறார், விளக்கு எரிகிறது.

காரைக்காலில் அம்மையார் கோயில். இல்லறத்தில் இருந்தபடியே ஈசனை மாங்கனியில் கண்டவர்; கயிலைக்குக் காலால் மிதித்து ஏறலாகாது என்று தலையால் நடந்து சென்றவர்; இறைவனே 'அம்மையே' என்று அழைத்த பெருமை பெற்றவர். ஆனிப் பௌர்ணமியையொட்டி இங்கே மாங்கனித் திருவிழா நடைபெறும். கோயில் சிறிது, படிகள் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்களும் சிரமமின்றித் தரிசிக்கலாம்.

நாகப்பட்டினத்தில் காயாரோகணேஸ்வரர், நீலாயதாட்சி அம்மை சந்நிதிகளில் தரிசனம். அறுபத்துமூவருள் ஒருவரான அதிபத்த நாயனார் இவ்வூர் மீனவர். வலையில் படும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் விரதம். பல நாட்கள் ஒரே ஒரு மீன் மட்டும் கிடைத்தது. அதையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பட்டினி கிடந்தார். ஒருநாள் பொன்னும் மணியுமாய் ஒரு மீன் அகப்பட்டது. அதுவும் முதல் மீன் என்பதால் கடலில் விட்டார். முதல் மீன் யாருக்கு என்பதில் அவருக்கு ஒருநாளும் தடுமாற்றம் இல்லை.

மாலையில் கடற்கரையில் சற்று அமர்ந்தோம். 2004 டிசம்பர் 26 அன்று தமிழகத்தில் மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது இந்த நாகை மாவட்டம்தான். அதே கரையில் சிறுவர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா கடலை நோக்கிக் கைகூப்பினார். யாருக்காக என்று நாங்கள் கேட்கவில்லை.

மூடிய கதவின் முன்னே

நான்காம் நாள் திருமறைக்காடு என்னும் வேதாரண்யம். காலையில் நேராகப் புறப்பட்டிருந்தால் உரிய நேரத்தில் சேர்ந்திருப்போம். "பக்கத்தில்தானே சிக்கல், சிங்காரவேலரையும் பார்த்துவிடலாம். தாளில் முப்பது நிமிடம் இருக்கிறது," என்று நான் பிடிவாதம் செய்தேன். மனைவி வேண்டாம் என்றாள். அங்கே அன்று கூட்டம். முப்பது நிமிடம் இரண்டு மணி நேரமாயிற்று. வழியில் ஒரு ரயில்வே கேட். வேதாரண்யம் ராஜகோபுரத்தை அடைந்தபோது நண்பகல் நடை சாத்திவிட்டார்கள். மாலைதான் திறக்கும் என்றார் பூக்காரப் பெண்மணி.

எனக்குக் கோபம் தலைக்கேறிற்று. ஓட்டுநரைக் கடிந்துகொண்டேன், அவர் மீது தவறே இல்லை. தரிசனத்தை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம் என்றேன். அப்போது அக்கா காரிலிருந்து இறங்கி, தடியை ஊன்றி நடந்து, கோபுர நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். "எங்கே வந்து கதவு சாத்தியிருக்கிறது என்று கோபப்படுகிறாய், தெரிகிறதா?" என்று கேட்டார்.

தெரிந்தது. வேதங்களே வந்து பூசித்துத் திருக்காப்பிட்டுச் சென்ற கதவு இது. திறக்க முடியாமல் ஊரார் பக்கத்து வாசல் வழியே சென்று வழிபட்டுவந்தார்கள். அப்பரும் சம்பந்தரும் இங்கே வந்தபோது, கதவு திறக்கப் பாடும்படி அப்பரைச் சம்பந்தர் வேண்டினார். பத்துப் பாடல் பாடியும் திறக்கவில்லை. மேலும் பாடி மன்றாடிய பிறகே திறந்தது. மீண்டும் அடைக்கச் சம்பந்தர் பாடினார். ஒரே பாடலில் அடைத்துக்கொண்டது. தமக்கு மட்டும் தாமதமாயிற்றே என்று அப்பர் பெருமான் வருந்தினார் என்கிறது பெரியபுராணம். அவர் தமிழை இன்னும் சற்று நேரம் கேட்கவே இறைவன் தாமதித்தான் என்று பெரியோர் சமாதானம் சொல்வார்கள்.

மூன்று மணி நேரம் அந்த நிழலில் இருந்தோம். மனைவி தயிர்சாதமும் நார்த்தங்காயும் எடுத்து வைத்தாள். ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்று அவர் சிரித்தார். சாப்பிட்டு முடித்த பிறகு, அக்கா மடியிலிருந்த மஞ்சள் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினார்.

"அம்மா ஒருதரம் ராமேஸ்வரம் புறப்பட்டாளே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா?"

இருந்தது. 1974. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு. எல்லா ஏற்பாடும் ஆன பிறகு, கால்வலி என்று சொல்லி அம்மா பயணத்தை நிறுத்திவிட்டார்.

"கால்வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் கல்லூரிச் சம்பளத்துக்கு அப்பாவிடம் பணம் போதவில்லை. அம்மா பத்து வருஷமாய் மிளகாய்ப் பானைக்குள் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள். உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தெரிந்தால் படிக்க மாட்டாய் என்று பயம்."

நான் ஏதும் பேசவில்லை. எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அது அக்காவுக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த பிறகு, அம்மா என்னிடம் நேரடியாகவே மூன்று, நான்கு முறை கேட்டிருக்கிறார். "ஒருதரம் சேதுவுக்குப் போய் வந்துவிடலாமா அப்பா?" ஒவ்வொரு முறையும் நான் சொன்ன பதில் ஒன்றே: "மார்ச் முடியட்டும் அம்மா. ஆண்டுக் கணக்கு இருக்கிறது." மார்ச் முடியும், மாற்றல் உத்தரவு வரும், குழந்தைகளின் பள்ளி திறக்கும், அடுத்த மார்ச் வரும். அம்மாவும் கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் மறந்துவிட்டார் என்று நான் எண்ணிக்கொண்டேன். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

அதை அங்கே, அந்தக் கதவின் முன் அக்காவிடம் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. "இப்போது வந்திருக்கிறோம் அல்லவா?" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் நடை திறந்தது. மறைக்காட்டுநாதரின் பின்னே கல்யாணக் கோலத்தில் அம்மையப்பரைக் கண்டோம். யாழின் ஒலியையும் பழிக்கும் இனிய மொழியை உடையவள் அம்பிகை. அதனால்தான் இத்தலத்துச் சரஸ்வதி கையில் வீணை இல்லை என்பர். அணையப்போன விளக்கின் திரியை அறியாமல் தூண்டிய எலி, மறுபிறப்பில் மாபலிச் சக்கரவர்த்தி ஆனதும் இங்கேதான். அறியாமல் செய்த நன்மைக்கே அவ்வளவு பலன் என்றால், அறிந்து தள்ளிப்போட்டதற்கு என்ன என்று என் வங்கி மனம் கணக்குப் போட்டது. மறுகணம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பயணம் முடியும்வரை அதை எடுக்கவில்லை.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு அள்ளிய ஊரும் இதுவே. சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் ஊர். அகத்தியம்பள்ளி உப்பளங்களின் மேல் அந்தி சாயும் காட்சியைக் கண்ட பிறகு அங்கேயே தங்கினோம்.

பாக் நீரிணையின் கரையில்

ஐந்தாம் நாள் பொழுது விடியுமுன் புறப்பட்டோம். முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடுகளைக் கடந்து அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம். அருகே தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எடுப்பித்த மனோரா கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகக் கட்டியது. இங்கிருந்து கடல் வேறு குணம் கொள்கிறது. பாக் நீரிணையில் அலை மிகக் குறைவு. பெரிய ஏரியைப் போல அமைதியாகக் கிடக்கும்.

திருப்புனவாசலில் விருத்தபுரீஸ்வரர். லிங்கத் திருமேனியும் ஆவுடையாரும் மிகப் பெரியவை. லிங்கத்துக்கு மூன்று முழத் துணியும் ஒரு சுற்றுத்தான், ஆவுடையாருக்கு முப்பது முழமும் ஒரு சுற்றுத்தான் என்று அப்பகுதியில் வேடிக்கையாகச் சொல்வார்கள். கூட்டமே இல்லை. குருக்கள் பொறுமையாகத் தீபம் காட்டினார்.

தொண்டியைத் தாண்டி உப்பூரில் வெயிலுகந்த விநாயகர். இலங்கை செல்லுமுன் ஸ்ரீராமர் முதலில் வணங்கியது இவரையே என்பர். தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளேயே நவபாஷாணம். ஸ்ரீராமர் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லப்படும் ஒன்பது கற்களும் நீருக்குள் நிற்கின்றன. நடைமேடை இருப்பதால் முதியோர் அதிலிருந்தே வழிபடலாம். நீரில் இறங்குவோர் பாசி வழுக்கும் என்பதை மறக்கக்கூடாது.

ஆறாம் நாள் ராமநாதபுரத்துக்குத் தெற்கே திருப்புல்லாணி. ஆதிஜெகந்நாதப் பெருமாள் ஆலயத்தில், கடலரசன் வழிவிடக் காத்து தர்ப்பைப் புல்லில் சயனித்த ராமபிரானைத் தனிச் சந்நிதியில் சேவிக்கலாம். அண்ட சராசரங்களுக்கும் அதிபதியானவன் வழி கேட்டுப் படுத்துக் காத்திருந்த தலம்! பால்பாயசப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு சேதுக்கரை சென்று, கடல் பார்த்து நிற்கும் ஆஞ்சநேயரை வணங்கிப் பாம்பனை நோக்கித் திரும்பினோம்.

பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். அதுவரை தீவுக்குச் செல்ல ரயிலும் படகுமே கதி. பக்கத்தில், 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு மாற்றாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலம் தெரிந்தது. பாலத்தின் மேல் காற்று பலமாக வீசும். வண்டியை நடுவே நிறுத்திப் படம் எடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். மெதுவாகக் கடந்தாலே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எங்கள் ஓட்டுநர் மெதுவாகத்தான் ஓட்டினார். அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, மஞ்சள் முடிச்சைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இருபத்திரண்டு தீர்த்தங்கள்

ஏழாம் நாள் அதிகாலை. ஸ்படிக லிங்க தரிசனம் முடித்து, அக்னி தீர்த்தத்தில் நீராட வந்தோம். அக்காவை ஓட்டுநரும் நானும் இருபுறமும் பிடித்துக்கொண்டோம். கரையில் அமரவைத்து, சொம்பால் கடல்நீர் மொண்டு மூன்று முறை தலையில் ஊற்றினாள் மனைவி. பிறகு ஆலயத்துக்குள் 22 தீர்த்தங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியால் இறைத்து ஊற்றுவார்கள். கருங்கல் தரை முழுவதும் ஈரம்.

ஐந்தாவது தீர்த்தத்தில் அக்காவின் கால் சற்று வழுக்கியது. விழவில்லை, ஆனால் முகம் வெளுத்துவிட்டது. அங்கேயே ஒரு தூணோரம் உட்கார்ந்தார்.

"நான் இதோடு போதும். மீதி நீ ஆடிவிட்டு வா."

"நீங்கள் இல்லாமல் எப்படி அக்கா? முழுமையாகாதே."

"வேண்டுதல் உன்னைக் கூட்டி வருவதாகத்தானே? கூட்டி வந்துவிட்டேன். போ."

மனைவியை அவரருகே விட்டுத் தனியாகச் சென்றேன். ஒவ்வொரு கிணற்றின் நீரும் ஒவ்வொரு விதம். சிலவற்றில் குளிர்ச்சி, சிலவற்றில் இளஞ்சூடு. இருபத்திரண்டாவது கிணற்று நீர் தலையில் விழுந்தபோது எனக்கு வயது ஏழா, அறுபத்தெட்டா என்று தெரியவில்லை. கண்ணீர் வந்தது, நனைந்த முகத்தில் அது யாருக்கும் தெரிந்திராது.

உலர்ந்த ஆடை உடுத்துச் சந்நிதி சென்றோம். அனுமன் கொணர்ந்த விஸ்வலிங்கத்துக்கே முதல் பூஜை. தாமதமாக வந்தான் என்று அவன் கொண்டுவந்த லிங்கத்தை ராமபிரான் தள்ளிவிடவில்லை. அதற்கே முதலிடம் தந்தார். இந்தக் கதையைச் சிறு வயது முதல் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. சீதாப்பிராட்டி மணலால் பிடித்த ராமலிங்கத்தின் முன் நின்று, அம்மாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்தோம். பிறகு அக்கா முடிச்சை அவிழ்த்து, காசை என் உள்ளங்கையில் வைத்தார். உண்டியலில் சேர்த்தேன். ஒரு ரூபாய் விழும் ஓசை எவ்வளவு மெல்லியது! மஞ்சள் துணியை அக்கா மடித்து வைத்துக்கொண்டார்.

மாலையில் தனுஷ்கோடி. வழியில் விபீஷண சரணாகதியை நினைவூட்டும் கோதண்டராமர் கோயில். 1964 புயலிலும் அழியாமல் நின்றது. அதற்கப்பால் இருபுறமும் கடல். ஒருபுறம் அமைதியானதைப் பெண் கடல் என்றும், மறுபுறம் சீறுவதை ஆண் கடல் என்றும் உள்ளூரார் சொல்கிறார்கள். இடிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் சாட்சியாக நிற்கின்றன. 2017-இல் திறக்கப்பட்ட சாலையில் அரிச்சல் முனை வரை கார் செல்கிறது. அங்கே நீரோட்டம் கடுமையானது, கடலில் இறங்கவேண்டாம். என் அன்னையின் பயணத்தை முதன்முதலில் நிறுத்திய இடத்தில், அறுபத்தோர் ஆண்டுகள் கழித்து, நாங்கள் மூவரும் நின்று கைகூப்பினோம்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இவ்வழி செல்ல விரும்புவோருக்குச் சில சொற்கள். நாளொன்றுக்கு இரண்டு தலங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். நண்பகலில் நடை சாத்துவார்கள் என்பதால் காலைத் தரிசனத்துக்குப் பத்து மணிக்குள் சேருங்கள். இரவுப் பயணம் வேண்டாம்; சாலையில் மாடுகள் படுத்திருக்கும், விளக்கு இல்லாத வண்டிகள் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சற்று நடங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல. தீர்த்தமாட மாற்றுடையும், வழுக்கும் தரையில் பிடித்துக்கொள்ள ஒரு துணையும் இன்றியமையாதவை. எல்லாத் தீர்த்தமும் ஆட முடியாவிட்டால் வருந்தாதீர்கள், முடிந்தவரை போதும்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பூஜை அலமாரியை ஒருமுறை பாருங்கள். மூலையில் யாரோ முடிந்து வைத்த மஞ்சள் துணி ஒன்று இருக்கலாம். முடிந்தவர் உயிரோடிருந்தால், எந்தக் கோயிலுக்கு என்று இன்றே கேளுங்கள். 'மார்ச் முடியட்டும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் அன்னையைக் காரில் அமர்த்தி இந்தக் கடலைக் காட்டும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. வட்டி எவ்வளவு ஆயிற்று என்று கேளாமல், அசலை மட்டும் பெற்றுக்கொண்டான் ராமநாதன்.

ஊர் திரும்பிய மறுநாள் அக்கா தொலைபேசியில் அழைத்தார். மஞ்சள் துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாராம். பேரனுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று மறைக்காட்டுநாதருக்குப் புதிதாக ஒரு ரூபாய் முடிந்து வைக்கப் போகிறாராம்.

"எப்போது தம்பி போகலாம்?" என்று கேட்டார்.

தேதியைக் குறித்துக்கொண்டேன்.